கொருக்குப்பேட்டை கேட்

நேற்று சாயங்காலம் கத்த ஆரம்பித்தது என்றாள் வரதம்மா.
அப்படியானால் இன்று காலைக்குள் ஊசி.
பத்து மணி தாண்டினால் போச்சு,
இனி இருபத்தொரு நாள்.

கேட் மூடியிருக்கிறது.
கூட்ஸ் வண்டிக்குத் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை,
நடுவயிறு மட்டும் நிற்கிறது.
ஸ்கூட்டரில் என் கால்களுக்கிடையே நைட்ரஜன் கேன்.
அதற்குள் புகையும் குளிரில்
எந்த ஊர்ப் பண்ணையிலோ நிற்கும் காளை,
குச்சி குச்சியாய்.

ஷேர் ஆட்டோவிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்து
'இன்னாக்கா, குல்ஃபியா?' என்கிறாள்.
'ஆமா. மாட்டுக்கு.'

பதினேழு வருஷமாய் நோட்டு எழுதுகிறேன்.
எருக்கஞ்சேரி எருமை, தண்டையார்பேட்டை ஜெர்சி,
எது எப்போது கத்தியது, எப்போது வழும்பு கண்டது,
எது இன்னொன்றின் மேல் ஏறியது, எது ஏறவிட்டு நின்றது.
எருமை கத்தாது. ராத்திரியில் கமுக்கமாய் வந்து போகும்.
எருமைக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது.

என் தெரு நாய்க்கு ரத்தம் முதலில்,
ஆண்கள் அதன் பின்னால் மீன் வண்டிக்குப் போவதுபோல் போகும்.
மாட்டுக்கு எல்லாம் முடிந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ
வாலில் ஒரு கோடு. அவ்வளவுதான்.
பூனைக்கு, கூடினால்தான் முட்டையே இறங்கும்.
குரங்கு என் கட்சி. வௌவாலில் சில ஜாதி என் கட்சி.
மற்றதெல்லாம் சிக்கனம்:
கரு வந்து கதவைத் தட்டிய பிறகுதான்
கருப்பை பாய் விரிக்கும்.
என்னுடையது அப்படியில்லை.
வராத விருந்தாளிக்கு மாசாமாசம் சுண்ணாம்பு அடித்து,
வரவில்லை என்றதும்
சுவரோடு பெயர்த்துக் கொட்டுகிறது.

அதற்கும் மேல் ஒன்று.
எனக்குள் எந்த நாள் பருவம் என்று எனக்கே தெரியாது.
கத்தவில்லை, தீவனத்தை ஒதுக்கவில்லை.
முப்பது வருஷம் ஒருவருக்கும் சொல்லாமல்
உள்ளேயே நடந்திருக்கிறது.

இப்போது நாற்பத்தாறு. ஐம்பத்தோரு நாளாய்க் காணோம்.
'முழுகாம இருக்கியா?' என்று நாத்தனார் சிரித்தாள்.
பல்லுப் போன பசுவும் பருவத்துக்கு வரும்,
அதற்கு இப்படி ஒரு ஓய்வு கிடையாது என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் முழுசாய் இல்லை.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது.
அடிவயிற்றில் தெரிந்த இழுப்பு.
இங்கேயா. இப்போதா.
நிழல் இல்லை, கடை இல்லை,
முன்னால் லாரி, பின்னால் தண்ணீர் டேங்கர்.

கொட்டகையில் முனிரத்தினம் என் சுடிதாரைப் பார்த்தார்,
உடனே சுவரைப் பார்த்தார்.
'நாளான உடம்போட மாட்டைத் தொடலாமாம்மா?'
'வேற ஆள் மாதவரத்துலருந்து வரணும்.
கேட் மூடியிருக்கும்.'
மணி ஒன்பது நாற்பது.
அவர் நகர்ந்தார்.
வரதம்மா ஒன்றும் பேசாமல்
தன் துண்டை என் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

பிரேமா அசையவில்லை.
தோள்வரை உறை, இடது கை உள்ளே.
பருவத்துக் கருப்பை விறைத்திருக்கும்,
விரலுக்கடியில் ஆட்டுக்கிடாயின் கொம்புபோல் சுருண்டு.
வெளியே இரண்டு கொம்பு, உள்ளே இரண்டு கொம்பு.
அவள் வாலிலிருந்து கண்ணாடிக் கயிறாய் வழும்பு.
என் தொடையில் சூடு.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
அப்படியே நின்றோம்.

திரும்பும்போது கேட் மறுபடியும் மூடியிருந்தது.
கேன் மூடிமேல் நோட்டை வைத்து எழுதினேன்.
பெயர், பிரேமா. ஈற்று, மூன்று. உரிமையாளர், முனிரத்தினம்.
பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக
அடுத்த வரியில் என் பெயர்.
ஈற்று, ஒன்று.
உரிமையாளர் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு.
அடுத்த தேதி:
பிரேமாவுக்கு இருபத்தொரு நாள் கூட்டிப் போட்டேன்.
எனக்கு என்ன போடுவது என்று
பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கையில்

பின்னாலிருந்து ஹாரன்.
கேட் திறந்துவிட்டது.